கிடாரம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பலாமா?

பனங்காட்டான் (திரியைத் தொடங்கியவர்):

ஊர்ப் பெயர் வேண்டாம். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரி மணலை ஒட்டிய ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில். கொஞ்சம் தாண்டினால் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயிலும் மாதா கெபியும். எங்கள் கோயில் மதில் முடிகிற இடத்தில், ஒரு சந்து தள்ளி, தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே சபை. மூன்றையும் ஒரு பீடி தீர்வதற்குள் நடந்து கடந்துவிடலாம்.

எங்கள் கோயிலில் ஒரு செம்புக் கிடாரம், பெரிய சமையல் அண்டா, உண்டு. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கென்று வந்தது. இருபத்தைந்து கிலோ அரிசி தாராளமாக வேகும். இரண்டு காதிலும் கம்பு கொடுத்து நாலு பேர் தூக்க வேண்டும். ஊரில் கல்யாணம், சடங்கு, துக்க வீட்டுச் சாப்பாடு எதுவானாலும் நூறு ரூபாய் காணிக்கை போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். எதிர்த் தெரு இந்துக் குடும்பங்களும்தான். போன மாதம் தகரக் கூரைச் சபையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா கிடாரம் கேட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளில் கமிட்டி கூடி, 'பிற சபையாருக்குக் கோயில் பாத்திரம் கொடுப்பதில்லை' என்று தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்திலும் எழுதிவிட்டது. ஜெபத்தோடு ஆரம்பித்து ஜெபத்தோடு முடித்த கூட்டம்.

வந்தவர் எங்கள் கோயிலிலேயே திடப்படுத்தல் எடுத்து முழு அங்கத்தினர் ஆனவர். என் அப்பாவோடு ஓய்வுநாள் பள்ளியில் படித்தவர். தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனதை நான் பார்த்தேன். உபதேச வித்தியாசம், உபதேச வித்தியாசம் என்கிறோமே, ஒரு கிடாரத்துக்குள் என்ன உபதேசம் இருக்கிறது?

தாமிரபரணித் தண்ணீர்:

பிரதர், ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே, திருநெல்வேலி டவுன். உங்கள் பதிவைப் படித்து ஆச்சரியப்படவில்லை. எங்களுக்குப் பாத்திரம் மட்டுமா கிடைக்காது? கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடமும் கிடைக்காது. அப்பா அம்மா புதைக்கப்பட்ட தோட்டத்தின் கேட்டில் பூட்டைப் பார்த்துவிட்டு, பிரேதத்தோடு வண்டியைத் திருப்பியவன் நான்.

மணியடிப்பவன்:

நானும் அந்த ஊர்தான். அந்தக் கமிட்டியில் இருக்கிறவன்தான். தம்பி பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறார், மீதியை நான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சபைக்கு இதே கிடாரத்தைக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது ஒரு காது ஒடிந்திருந்தது. அடி தீய்ந்து ஈயம் போயிருந்தது. செம்புப் பாத்திரத்தில் ஈயப் பூச்சு போனால் புளி சேர்த்த எதையும் சமைக்க முடியாது, களிம்பு ஏறிவிடும். காது வைக்கவும் ஈயம் பூசவும் ஆன செலவை யாரும் தரவில்லை. கேட்டதற்கு 'கர்த்தர் தருவார்' என்றார்கள். கர்த்தர் இன்னும் தரவில்லை.

இரண்டாவது விஷயம். அந்தச் சபைப் பாஸ்டர் மைக்கைப் பிடித்து, 'குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானமே இல்லை, அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறவர்கள் இன்னும் இரட்சிக்கப்படவில்லை' என்று பேசுகிறார். எப்போது? ஞாயிறு காலை, எங்கள் ஆராதனை நேரத்தில். கூம்பு ஸ்பீக்கர் எங்கள் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. எங்கள் ஐயர் (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்) திருவிருந்து கொடுக்கிற நேரத்தில் அங்கே டிரம்ஸ். எங்கள் ஞானஸ்நானம் செல்லாது, எங்கள் திருவிருந்து செல்லாது. எங்கள் கிடாரம் மட்டும் செல்லுமா?

பனங்காட்டான்:

அண்ணாச்சி, நீங்கள் இங்கே இருப்பது தெரியாது. இருந்தாலும் கேட்கிறேன். காது ஒடிந்தது உண்மை என்றால் 'சேதமானால் பணம் கட்ட வேண்டும்' என்று தீர்மானம் போட்டிருக்கலாமே. 'பிற சபையார்' என்று ஏன் போட்டீர்கள்? கிடாரத்தின் காதை ஒடித்தது சபையா, சமையல்காரனா?

பாளை வாத்தியார்:

வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பெந்தெகொஸ்தே வந்த பிறகுதான் இந்த அக்கம்பக்கச் சண்டை வந்தது என்பதுபோல இரண்டு பேருமே பேசுகிறீர்கள். திருநெல்வேலிச் சபைக்கு இது பிறவிக் குணம்.

ரேனியஸ் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர், சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கத்துக்காக இங்கே ஊர் ஊராகச் சபை கட்டியவர். உபதேசியார்களுக்குத் தானே குருப்பட்டம் கொடுக்க விரும்பினார். ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) பிஷப்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். 1835-ல் உறவை வெட்டிவிட்டார்கள். அவர் வெளியேறியதும் சபைகள் அவர் பக்கம், சங்கத்துப் பக்கம் என்று இரண்டாகப் பிரிந்தன. 1838-ல் அவர் இறந்த பிறகுதான் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. ஒரே ஆங்கிலிகன் திருச்சபைக்குள் எஸ்.பி.ஜி. என்று ஒரு சங்கம், சி.எம்.எஸ். என்று ஒரு சங்கம். ஒரே ஜெபப் புத்தகம், ஒரே ராணி. ஆனால் இடையன்குடி, நாசரேத் ஒரு கணக்கு. பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் வேறு கணக்கு. திருநெல்வேலிக்குத் துணை பிஷப் வேண்டும் என்று வந்தபோது ஒருவரை வைத்தால் மற்றச் சங்கம் ஒத்துக்கொள்ளாது. அதனால் 1877-ல் கல்கத்தாவில் ஒரே நாளில் இரண்டு பேருக்கு அபிஷேகம். எஸ்.பி.ஜி.க்குக் கால்டுவெல், சி.எம்.எஸ்.க்குச் சார்ஜென்ட். ஒரு ஜில்லாவுக்கு இரண்டு பிஷப்! திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனமாக (பிஷப்பின் ஆளுகைப் பகுதியாக) ஆனது 1896-ல், இருவரும் காலமான பிறகு.

நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரம் போனால் இன்னொன்றும் பார்க்கலாம். அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, நாசரேத் மிஷனரியோடு மோதி 1857-ல் தனியாகப் போய் ஆரம்பித்த சபை. சனிக்கிழமைதான் ஓய்வுநாள், சாம்பிராணி உண்டு, வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். அந்தப் பிரிவைச் சில்லறைப் பிரிவு என்று நான் சொல்ல மாட்டேன். அதில் சுயமரியாதை இருந்தது. ஆனால் 1877-ஐ என்னவென்று சொல்வது?

மணியடிப்பவன்:

வாத்தியார் ஐயா, பாடம் நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லாம் சண்டை போட்டாலும் ஒருவன் ஞானஸ்நானத்தை இன்னொருவன் ஒத்துக்கொண்டான். சார்ஜென்ட் சபையிலிருந்து கால்டுவெல் சபைக்குக் கல்யாணமாகிப் போன பெண்ணை யாரும் மறுபடி ஆற்றில் முக்கவில்லை. எங்கள் ஊரில் பன்னிரண்டு குடும்பம் போய்விட்டது. பன்னிரண்டு குடும்பமும் மறுபடி முழுக்கு எடுத்தது. அவர்களுக்குக் குழந்தையில் எங்கள் ஐயர் கொடுத்தது என்ன, வெந்நீர்க் குளியலா?

இதைச் சில்லறை என்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். உலகத் திருச்சபைகள் சேர்ந்து 1982-ல் லிமாவில் ஓர் ஆவணம் எழுதின. ஞானஸ்நானம் ஒருமுறைதான், மறுஞானஸ்நானம்போலத் தோன்றுகிற எதையும் தவிர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நாங்கள் அதில் நிற்கிறோம். ஆர்.சி.காரர்கள்கூட எங்கள் ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காதது மதிலுக்கு அந்தப் பக்கம்தான்.

தாமிரபரணித் தண்ணீர்:

ஐயா, வேதத்தில் விசுவாசித்தவன்தான் ஞானஸ்நானம் பெற்றான். நாங்கள் 'மறு'ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை. எங்கள் கணக்கில் அதுதான் முதல். இதில் உங்களுக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. நீங்கள் 'உபதேசத்துக்காகக் கொடுக்கவில்லை' என்று சொல்லியிருந்தால் மதித்திருப்பேன். ஆனால் காது ஒடிந்தது என்று ஆரம்பித்து ஞானஸ்நானத்தில் முடிக்கிறீர்கள். எது காரணம்?

மைக் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சென்னையில் எங்களைப்போன்ற ஒரு சபைக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பு வாசிகளுக்கும் நடந்த வழக்கில் 2000-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று. அதை எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இன்னும் கேள்விப்படவில்லை. ஆனால் ஒன்று: இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பதும் அதே வருஷத்து விதிதான். உங்கள் ஈஸ்டர் பவனி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது?

பனங்காட்டான்:

நாலு மணிக்கு. ஆட்டோவில் மைக் கட்டி. :)

மதுரை மருமகள்:

நான் பிறந்தது சி.எஸ்.ஐ., கட்டிக்கொடுத்தது ஆர்.சி. குடும்பத்தில். உங்கள் எல்லோருக்கும் கிடாரம், எனக்கு முழங்கால்.

கல்யாணத்துக்கு முன்னால் மறைமாவட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும், பிறக்கிற பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று என் வீட்டுக்காரர் உறுதி கொடுக்க வேண்டும். இதெல்லாம் எழுத்தில் இருக்கிற சட்டம், அதை நான் குறை சொல்லவில்லை. தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன். எழுத்தில் இல்லாததுதான் உயிரை எடுத்தது. முதல் ஞாயிறு பூசைக்குப் போனேன். எந்த இடத்தில் முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்துவிட்டேன். பின்னால் இருந்த ஒரு பாட்டி என் தோளை அழுத்தி உட்கார வைத்து, 'பாவம், பிரிவினைக்காரப் பிள்ளை' என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

அம்மா வீட்டுக்கு வந்தால் இங்கே வேறு மாதிரி. மகள் கழுத்தில் ஜெபமாலையைப் பார்த்துவிட்டு என் சித்தி, 'இது என்ன பாசிமணி' என்றாள். பிள்ளைக்கு ஐந்து வயது.

மாமனார் வீட்டுப் பழைய ஜெபப் புத்தகத்தில் சேசுநாதர், இராயப்பர், சின்னப்பர், அருளப்பர். என் அம்மா பைபிளில் இயேசு, பேதுரு, பவுல், யோவான். மாமியார் ஒருநாள் கேட்டார்: 'உங்க பைபிள்ல இராயப்பர் உண்டா?' சீமோன் பேதுருதான் அத்தை அது என்று சொல்லி, வசனத்தைக் காட்டி, இருவரும் சிரித்தோம். 1995-ல் இரண்டு தரப்பும் சேர்ந்து மொழிபெயர்த்துத் திருவிவிலியம் வந்தது. பேதுரு, பவுல், யோவான் என்றே போட்டார்கள். ஆர்.சி.யில் அதைத்தான் வாசிக்கிறார்கள். சேர்ந்து செய்த நம் பக்கம் அதைப் பெரும்பாலும் அலமாரியில் வைத்துவிட்டது! எங்கள் அம்மா இன்றைக்கும் 'கடவுள்' என்று வாசித்தால் முகம் சுளிப்பாள், 'தேவன்' என்று இருக்க வேண்டும்.

தரங்கைக்காரன்:

அக்கா, அந்த அலமாரியில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லுத்தரன் நான். பழைய ஜெர்மன் மிஷனரி பெப்ரீசியஸின் பைபிள் மொழிபெயர்ப்பில் 'பராபரன்' என்று இருப்பதை விட மனமில்லாமல் தலைமுறைக் கணக்கில் வைத்திருந்தவர்கள் நாங்கள். அவருக்கும் முன்னால் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்று எழுதினார், அது கத்தோலிக்கச் சொல் என்று பிறகு வந்தவர்களுக்கு ஒத்துவரவில்லை. பராபரன், தேவன், கடவுள், சர்வேசுரன் - ஒருவருக்குத்தான் இத்தனை பெயர். ஆனால் எந்தச் சொல் வாயில் வருகிறது என்பதை வைத்து ஆள் எந்தக் கோயில் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஐக்கியம் பேசுகிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று. 1706-ல் சீகன்பால்கு இறங்கிய தரங்கம்பாடியில்தான் 1919 மே மாதம் வெவ்வேறு சபைக்காரர்கள் கூடி, தென்னிந்தியாவில் பிரிவுகள் ஒழிந்து ஒரே திருச்சபை வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். முன்னால் நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பிஷப். அதற்கு நாலு மாதம் முன்புதான், ஜனவரியில், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனியாக உருவானது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தபோது நாங்கள் அதில் இல்லை. கூட்டத்துக்கு இடம் எங்கள் ஊர், கூட்டில் எங்களுக்கு இடமில்லை. இல்லை, சரியாகச் சொன்னால், நாங்கள்தான் சேரவில்லை. அசரியாவும் அதைப் பார்க்கவில்லை, 1945 புதுவருஷத்தன்று காலமாகிவிட்டார்.

சேராதது தப்பா? எனக்கு இன்றுவரை தெளிவில்லை. திருவிருந்தில் கிறிஸ்துவின் பிரசன்னம் பற்றி லுத்தர் சொன்னதை எங்கள் பெரியவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேரால் அந்த வித்தியாசத்தை விளக்க முடியும் என்று கேட்காதீர்கள்.

மணியடிப்பவன்:

இதைத்தான் நானும் சொல்கிறேன். விட்டுக்கொடுக்காமல் இருப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. எல்லாம் ஒன்று, எல்லாம் ஒன்று என்பவனுக்கு எதிலும் பிடிப்பில்லை.

பனங்காட்டான்:

பிடிப்பு உபதேசத்தில் இருக்கட்டும் அண்ணாச்சி. பாத்திரத்தில் வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் பேசி பிஷப் இருக்கிற சபையும் இல்லாத சபையும் ஒன்றானது. நமக்கு ஒரு செம்புப் பாத்திரம் மதிலைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

கறுப்புக்குடை:

எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள். லிமா, தரங்கம்பாடி, லுத்தர். ஒரு வார்த்தையை யாரும் எடுக்கவில்லை பார்த்தீர்களா? நான் எடுக்கிறேன். சாதி.

வடக்கன்குளம் ஆர்.சி. கோயில் கதை தெரியுமா? ஒரே கோயில், ஒரே பீடம். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், நடுவில் சுவர். பீடத்திலிருந்து இரண்டு கால்சட்டைக் கால்போலப் பிரிகிற கட்டடம். 1910-ல் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்தபோது கோர்ட்டுக்குப் போனார்கள். எந்த உபதேச வித்தியாசத்துக்கு அந்தச் சுவர்? இரண்டு பக்கமும் ஒரே நன்மைதான் (திருவிருந்து அப்பம்) வாங்கினார்கள்.

ஒரு தெருவில் இரண்டு கோயில் இருந்தால் நான் முதலில் விசுவாசப் பிரமாணத்தைப் பார்க்க மாட்டேன். எந்தக் கோயிலில் எந்தத் தெரு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். மணியடிப்பவர் பதில் சொல்லட்டும்: தகரக் கூரைக்குப் போன பன்னிரண்டு குடும்பமும் எந்தத் தெரு?

மணியடிப்பவன்:

இல்லாததைக் கொண்டுவராதீர்கள். எங்கள் ஊரில் எல்லாம் ஒரே ஆட்கள்தான். போனவர்களில் என் சொந்த மச்சினனும் உண்டு.

கறுப்புக்குடை:

ஒரே ஆட்கள்தான் என்று நீங்கள் சொல்வதிலேயே வேறு ஆட்கள் அந்தக் கோயிலில் இல்லை என்பதும் தெரிகிறது. சரி, உங்கள் ஊரை விட்டுவிடுகிறேன்.

குமரி எல்லை:

கல்லறை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மேலே ஒரு பிரதர் வண்டியைத் திருப்பிய கதையைச் சொல்லிவிட்டுப் போனார், ஒருவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. எல்லோரும் கிடாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

நாங்கள் கேரள எல்லையில் இருக்கிறவர்கள். அங்கே ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா என்று இரண்டு தரப்பு. ஒரே விசுவாசம், ஒரே சுறியானி வழிபாடு. தலைவர் யார், கோயில் யாருக்கு என்பதில்தான் நூறு வருஷச் சண்டை. 2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஆர்த்தடாக்ஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு யாக்கோபாயாக் குடும்பங்கள் தாத்தா பாட்டி கிடக்கிற கல்லறையில் சடலத்தை அடக்கம் செய்ய முடியாமல் காத்துக் கிடந்தன. கடைசியில் 2020-ல் கேரள அரசு தனிச் சட்டமே போட்டது: எந்தத் தரப்பானாலும் குடும்பக் கல்லறை இருக்கிற இடத்தில் அடக்கம் செய்யும் உரிமை உண்டு, சடங்கை வேறு இடத்தில் தனக்கு வேண்டிய குருவானவரை வைத்துச் செய்துகொள்ளலாம் என்று.

அரசாங்கம் வந்து சொல்லும்வரை பிரேதத்துக்கு வழிவிடத் தெரியவில்லை நமக்கு. மணியடிப்பவரே, உங்கள் கல்லறைத் தோட்டத்தில் என்ன நடைமுறை?

மணியடிப்பவன்:

சங்கக் காணிக்கை, அதாவது சபைச் சந்தா, ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு இடம். போன பிறகு நிலுவையைக் கட்டினால் ஐயரிடம் பேசிச் செய்வோம். மச்சினனின் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம். பூட்டவில்லை. அவர்கள் பாஸ்டர் தோட்டத்துக்குள் வந்து பிரசங்கம் பண்ணக் கூடாது என்று மட்டும் சொன்னோம்.

தாமிரபரணித் தண்ணீர்:

நன்றி குமரி அண்ணன். நான் ஏன் வெளியே வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்களை எல்லாம் மந்தையிலிருந்து ஆடு திருடுவதுபோல யாரோ இழுத்துப்போய்விட்டதாக இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது.

எங்கள் அப்பா இறந்த வருஷம். கோயிலில் கமிட்டித் தேர்தல். இரண்டு அணி. டயோசிசன் கவுன்சில் (அத்தியட்சாதீன நிர்வாக சபை) மெம்பர் யார் என்பதற்காக ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை, பாடகர் குழுகூட இரண்டானது. அப்பா எந்த அணியிலும் இல்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தபோது ஓட்டுக் கேட்டு இரண்டு அணியும் வீட்டுக்கு வந்தது. ஜெபம் பண்ண ஒருவரும் வரவில்லை. வாரம் தவறாமல் வந்தவர் பக்கத்துத் தெருவில் வாடகைக் கட்டடத்தில் சபை நடத்திய ஒருவர். அவருக்கு இறையியல் படிப்பு கிடையாது, இலக்கணம் தப்பாகத்தான் பேசுவார். அப்பாவுக்குச் சிறுநீர்ப் பையை மாற்றிவிட்டுக் கை கழுவிவிட்டு ஜெபிப்பார். முழுக்கைப் பற்றி அப்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவை எடுத்துப்போன அன்று மாலை நானே கேட்டேன்.

இது உபதேச வித்தியாசமா, இல்லையா, நீங்களே சொல்லுங்கள். அப்பா கடைசிவரை சங்கக் காணிக்கை கட்டியவர், அவருக்கு இடம் கொடுத்தார்கள். நான் வண்டியைத் திருப்பியது பிறகு, என் தங்கைக்காக.

மதுரை மருமகள்:

பிரதர், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பாளை வாத்தியார்:

நான் பாடம் நடத்துவதை நிறுத்திக்கொள்கிறேன். ஒன்று மட்டும். 1877-ஐக் கேலி செய்தேன். அந்த இரண்டு சங்கமும் போட்டி போட்டதால்தான் அடுத்தடுத்த ஊரில் பள்ளிக்கூடம் வந்தது என்று என் அப்பா சொல்வார். இவர்கள் ஒன்று திறந்தால் அவர்கள் ஒன்று திறப்பார்கள். நான் படித்தது அப்படி வந்த ஒரு பள்ளியில். அதனால் பிரிவினையில் நன்மையே இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. இன்றைய போட்டியில் பள்ளிக்கூடம் வருவதில்லை, பெரிய ஸ்பீக்கர்தான் வருகிறது.

பனங்காட்டான்:

அண்ணாச்சி, ஒரு விஷயத்தை வேண்டுமென்றே இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் கோயில் பின்கட்டுக்குப் போய்க் கிடாரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். கழுத்தில் வெட்டியிருப்பதைக் கரி துடைத்து வாசித்தேன். 'அசனப் பண்டிகைக்கு உபயம், 1961' என்று போட்டு ஒரு பெயர் இருக்கிறது. பெயரை இங்கே எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரின் தாத்தா.

மணியடிப்பவன்:

தெரியும். கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். கொடுத்தது கோயிலுக்கு. கொடுத்த பிறகு அது அவர்கள் வீட்டுப் பாத்திரம் இல்லை.

பனங்காட்டான்:

ஆமாம், அவர்கள் வீட்டுப் பாத்திரம் இல்லை. நூறு ரூபாய் காணிக்கையோடு ஊரில் எல்லோரும் கேட்பதுபோலத்தான் கேட்டார்கள். தாத்தா பெயரைச் சொல்லி உரிமையாகக் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

கறுப்புக்குடை:

கல்யாணம் என்னவாயிற்று?

பனங்காட்டான்:

திருச்செந்தூர் ரோட்டில் வாடகைப் பாத்திரக் கடையில் அலுமினிய அண்டா எடுத்தார்கள். பிரியாணி கொஞ்சம் அடிப்பிடித்தது. அண்ணாச்சியும் வந்து சாப்பிட்டார், மச்சினன் வீட்டு முறைக்கு. என் பந்தியில், எனக்கு எதிர் இலை.

மணியடிப்பவன்:

போகாமல் இருக்க முடியுமா, முறை என்று ஒன்று இருக்கிறதே.

சரி. அடுத்த கமிட்டி பதினைந்தாம் தேதி. 'பிற சபையார்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, யார் எடுத்தாலும், நம் சபையாரே ஆனாலும், இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன். நிறைவேறும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், எங்கள் செயலர் என்னைவிடப் பிடிவாதக்காரர். ஸ்பீக்கரைக் கொஞ்சம் தெற்கே திருப்பச் சொல்லி நீங்கள் அவர்கள் பாஸ்டரிடம் பேசுங்கள், உங்கள் வயசுக்காரர்தானே. ஞானஸ்நான விஷயத்தில் நான் ஓர் அங்குலம் நகர மாட்டேன், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று தம்பி, கவிழ்த்துப் பார்த்தேன் என்கிறீர்களே, ஈயம் எப்படி இருக்கிறது? அசனத்துக்கு இன்னும் நாற்பது நாள்கூட இல்லை.

பனங்காட்டான்:

அடியில் உள்ளங்கை அளவுக்குச் செம்பு தெரிகிறது. பூசத்தான் வேண்டும். ஆள் யாரும் இப்போது தெருவுக்கு வருவதில்லை. தூத்துக்குடி, நெல்லை நண்பர்கள் யாருக்காவது ஈயம் பூசுகிறவர் தெரிந்தால் சொல்லுங்கள்.

தாமிரபரணித் தண்ணீர்:

டவுனில் பாத்திரக் கடைத் தெருவில் ஒருவர் இருக்கிறார். எங்கள் சபைதான், ஆனால் வேலை சுத்தமாக இருக்கும். கொண்டுவரும் அன்று காலையில் சொல்லுங்கள், இறக்க நானும் வருகிறேன்.